மாதேஷின் இடது கண்

ஓசூரில் பெயின்ட் அடித்து வெளியே வரும் ஸ்கூட்டர் மேல் ஒரு தூசி உட்கார நினைத்தாலே மாதேஷுக்குத் தெரிந்துவிடும். சரி, நினைக்கும்போதே என்பது சற்றுக் கூடுதல்தான். உட்கார்ந்து காய்ந்த பிறகு தெரியும். ஆனாலும் மற்றவர்கள் விரலால் தடவித் தேடும் புள்ளியை அவன் நின்ற இடத்திலிருந்தே காட்டுவான். காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். பழத்தில் கறை பார்த்துப் பழகிய கண் என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். கம்பெனியில் சுற்றிலும் குழல்விளக்கு எரியும் கூண்டுக்குள் நின்று, நகர்ந்து வரும் வண்டிகளில் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை.

ஒருநாள் அந்த விளக்குகளே ஊசியாய்க் குத்தின. இடது கண் சிவந்து உள்ளுக்குள் வலித்தது. மெட்ராஸ் ஐ என்று லைனில் எல்லோரும் முடிவு கட்டினார்கள். பக்கத்தில் வேலை பார்க்கும் மணிகண்டன், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, கேன்டீனில் கடைசி மேசைக்கே குடிபெயர்ந்தான். மாதேஷும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மருந்துக்கடைச் சொட்டு விட்டுப் பார்த்தான். பீளை இல்லை, மத்திகிரி வீட்டில் மனைவி பிரவீனாவுக்கு ஒட்டவும் இல்லை. பார்வை மட்டும் புகை படிந்துகொண்டே போனது.

கண் மருத்துவர் சுப்ரியா ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார். காசநோயும் இல்லை, வேறு கிருமியும் இல்லை; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாகக் கண்ணுக்குள் புகுந்து புண்ணாக்குகிறது, யாருக்கும் ஒட்டாது என்றார். ஸ்டீராய்டு கொடுத்ததும் அடங்கியது. குறைத்ததும் திரும்பி வந்தது. அதையே நம்பிக் கிடந்தால் கண்புரையும் கண் அழுத்தமும் வரும் என்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் வேறு மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்; தினமும் போட்டால் ஆபத்து. எந்தக் கிழமை என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அதைப் போட்ட அன்று குமட்டும், உடம்பு துவளும். லைனில் துவண்டால் வண்டிகள் குவியும் என்று மாதேஷ் லீவு நாளை வைத்துக்கொண்டான். கம்பெனிக்காரனுக்குக் கிழமை ஏது? ஷிஃப்டும் லீவும்தான் காலண்டர். லீவன்று சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக் குப்புறப் படுத்துவிடுவான்.

"எங்கம்மா வூட்டுக்கு வந்தப்பகூட இப்பிடிப் படுத்ததில்ல நீங்க" என்பாள் பிரவீனா.

சில மாதங்களில் கண் தெளிந்தது. கூண்டு விளக்குகள் மாதேஷைக் குத்தவில்லை; மணிகண்டனும் பழைய மேசைக்குத் திரும்பினான்.

ஆயுதபூஜை நெருங்கியபோது ஆர்டர் குவிந்தது. லீவெல்லாம் ஓவர்டைம் ஆயிற்று. எல்லோரையும் போல மாதேஷும் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனான். தீபாவளிக்குள் இடது கண் முன்னால் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் அலைந்தன. ஒரு நீல வண்டியின் முன்பக்கத்திலேயே இருந்த தூசியை அவன் கோட்டை விட, அடுத்த ஆள் பிடித்தார். சூப்பர்வைசர் அவனை பேக்கிங்குக்கு மாற்றினார். கண் சரியானால் திரும்பலாம் என்று மரியாதைக்குச் சொன்னார்.

பிரவீனாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனான். விழித்திரையில் வீக்கம் வந்துவிட்டது, இதை அடக்காவிட்டால் போகிற பார்வை திரும்பாது என்றார் சுப்ரியா. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களா?"

"ஒரு தடவகூடத் தப்பலீங்க மேடம்."

அவன் பொய் சொல்லவில்லை. தன் கணக்குப்படி தப்பவே இல்லை என்றுதான் நினைத்திருந்தான். டாக்டரும் நம்பினார். அப்படியென்றால் இந்த மாத்திரைக்கு உங்கள் கண் கட்டுப்படவில்லை, இதை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போய்விடலாம் என்று எழுதத் தொடங்கினார். மாதேஷ் தலையாட்டினான்.

பிரவீனா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மேடம், எழுதாதீங்க. இவரு லீவு நாள்லதான் மாத்திர போடுவாரு. ஆயுதபூஜைக்கு முன்னால இருந்து இவுங்களுக்கு லீவே விடலீங்க."