கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விவாகரத்து

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் லமாய்க்குத் தெரிந்தது, தான் இன்னும் ஒருவனுடைய மனைவி என்று. அதைச் சொன்னது பெட்சபுரி மாவட்ட அலுவலகத்தின் கணினி.

பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம் என்று தாய்லாந்தில் சட்டம் நடைமுறைக்கு வந்த வாரம் அது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே பயணி வண்டி ஓட்டும் லமாய், அன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் சுகோன், இருவருக்கும் ஒரே நீலப் பட்டில் சட்டை தைத்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்கள். வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற இளசுகள் இவர்களுக்கு இடம் விட்டு, "நீங்க முதல்ல போங்கம்மா" என்றார்கள். சுகோன் வெட்கத்தில் சிரித்தாள்.

எழுத்தர் அடையாள அட்டையைப் பொருத்திப் பார்த்தார். ஒருமுறை லமாயைப் பார்த்தார், ஒருமுறை திரையைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்குன்னு காட்டுதே. சும்போன் மாகாணம், லங் சுவான். வீட்டுக்காரர் பேரு பிரவெத்."

சுகோனின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

 வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு சுகோன் கேட்டாள்.

"அப்பா ஏதோ சடங்கு பண்ணி வச்சாருன்னுதானே சொன்னே?"

"சடங்குந்தான். அதோட ஆபீசுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. பத்தொன்பது வயசுடி எனக்கு. எட்டு மாசத்துல ஓடியாந்துட்டேன்."

"ஓடி வந்ததைச் சொன்னே. கையெழுத்துப் போட்டதைச் சொல்லலை."

"அவன் வேற ஒருத்தியைக் கட்டியிருப்பான், அதுல இது தானா அழிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நமக்குக் கல்யாணமே கிடையாதுன்னு இருந்த காலத்துல விவாகரத்து எதுக்குடி?"

"அப்போ இத்தனை வருஷமா நான் அடுத்தவன் பொண்டாட்டியோட குடித்தனம் பண்ணியிருக்கேன்" என்றாள் சுகோன். வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

கோபம் ஒரு பக்கம் இருக்க, பயம் இன்னொரு பக்கம் இருந்தது. மார்ச்சில் சுகோனுக்கு இதய அறுவை சிகிச்சை. முன்பு ஒருமுறை அவள் மயங்கி விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் லமாயின் கையெழுத்து செல்லாது என்று சொல்லி, வடக்கே நான் என்ற மாகாணத்தில் இருக்கும் சுகோனின் அண்ணனுக்குத் தகவல் அனுப்பினார்கள். இந்த வீட்டு வாசலையே மிதிக்காத அண்ணன் அவர். வந்து சேருவதற்குள் சுகோன் பாதி செத்துப் பிழைத்திருந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த அண்ணனுக்காகக் காத்திருந்ததை லமாயால் இன்னும் மறக்க முடியவில்லை.

பிரவெத்தைத் தேடிப் போவதென்று முடிவானது. சுகோன் வருவாள் என்று லமாய் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ரயிலடிக்கு வந்து இரண்டு சீட்டு எடுத்தவள் சுகோன்தான். லங் சுவான் போய்ச் சேரும்வரை சன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

தென்னந்தோப்புக்குள் இருந்தது வீடு. முற்றத்தில் ஒரு பெண் நட்டுவைத்த இரும்புக் கம்பியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லி உடம்பு, முறுக்கேறிய கைகள். பிரவெத்தோடு வாழ்கிற துவாங் அவள்தான். லமாய் பெயரைச் சொன்னதும், கையிலிருந்த காயைக் கம்பியில் ஒரு குத்துக் குத்தினாள்.

"நீதானா அது? பதினெட்டு வருஷமா விடமாட்டேன்னு பிடிவாதமா நின்னவ, இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தே? தோப்புல பங்கு கேக்கவா?"

"நான் எப்பம்மா விடமாட்டேன்னு சொன்னேன்?"

"எத்தனை தடவை உனக்கு ஆள் மேல ஆள் விட்டாரு அவரு. நீ பாங்காக்குல இருந்துக்கிட்டு, செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியனுப்பலை? எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல அம்மா, அப்பா கல்யாணப் பதிவு கேட்டப்ப நான் கூனிக் குறுகி நின்னேன், தெரியுமா?"

"நான் பாங்காக்குல ஒரு நாள்கூட இருந்ததில்லை. என்னைத் தேடி யாரும் வந்ததும் இல்லை. விவாகரத்து கேக்கத்தான் இப்ப வந்திருக்கேன்."

துவாங்கின் கை அப்படியே நின்றது. தேங்காய் கம்பியிலேயே குத்தி நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரவெத் தோப்பிலிருந்து வந்தான். முன்தலை வழுக்கை, தோளில் ஈரத் துண்டு. லமாயை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான் என்பது அவன் கால் பின்னுக்குப் போனதில் தெரிந்தது.

"இவளுக்கு ஆள் விட்டீங்களா, இல்லையா?" துவாங் சத்தம் போடவில்லை. அதுதான் லமாய்க்குப் பயமாக இருந்தது.

பிரவெத் திண்டாடினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"கட்டின எட்டு மாசத்துல பொண்டாட்டி ஓடிட்டான்னு ஊர்ல யாருக்கும் நான் சொல்லலை. வேலைக்குப் போயிருக்கா, வருவான்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். அவங்க சாகுற வரைக்கும் அதையே சொன்னேன். அப்புறம் உன்கிட்ட எப்படி மாத்திச் சொல்றது?"

"அவங்க செத்து ஒன்பது வருஷமாச்சு."

பிரவெத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். லமாய் பக்கம் திரும்பினான். "இப்ப மட்டும் என்ன அவசரம் உனக்கு?"

லமாய் சுகோனைக் காட்டினாள். "இவளைக் கட்டிக்கணும்."

பிரவெத்தின் முகம் கறுத்துவிட்டது. "முடியாது. இந்த ஊர் ஆபீசுல காவலாளி வரைக்கும் என்னைத் தெரியும். எதுக்குப்பா விவாகரத்துன்னு கேப்பான். உன் பொண்டாட்டி ஒரு பொம்பளையைக் கட்டப் போறாளாமேன்னு டீக்கடையில சிரிப்பான். முடியாது, போயிடுங்க."

லமாய்க்குக் காது அடைத்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுவோமோ என்று தன் கைகளையே கோத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் சுகோன், அந்தப் பயணத்தில் முதல்முறையாக, பேசினாள்.

"அண்ணே, இந்த ஊருக்கே வேண்டாம். ரெண்டு பேரும் சம்மதிச்சா எந்த மாவட்டத்து ஆபீசுலயும் பதியலாமாம். நான் கேட்டு வச்சிருக்கேன். பெட்சபுரிக்கு வாங்க. அங்க உங்களை ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது."

அவன் தோப்புக்குள் போய்விட்டான். துவாங் மட்டும் கேட்டாள்: "எந்தக் கிழமை?"

"திங்கள்" என்றாள் சுகோன்.

திங்கட்கிழமை காலை இருவரும் அலுவலகம் திறக்கும் முன்பே போய் உட்கார்ந்தார்கள். லங் சுவானிலிருந்து ரயில் வரும் நேரமும் கடந்தது. யாரும் வரவில்லை. லமாய் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தாள். மதிய உணவுக்கு எழுத்தர்கள் எழுந்து போனார்கள்.

"வரமாட்டான்" என்றாள் லமாய். "கோர்ட்டுக்குத்தான் போகணும். அதுக்குள்ள மார்ச் வந்துடும்."

"உக்காரு. நீ நடக்கிறதைப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது" என்றாள் சுகோன். பையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பாதியை அவள் கையில் திணித்தாள். கணினி அந்தப் பெயரைச் சொன்ன நாளிலிருந்து சுகோன் அவளுக்கு எடுத்துக் கொடுத்த முதல் சாப்பாடு அது.

அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது துவாங் வந்தாள், தனியாக. லமாய் அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"வெளியில நிக்கிறாரு. உள்ள வர வெக்கமாம். வந்த ரயில்லயே திரும்பிடுவேன்னு மிரட்டிக்கிட்டே வந்தாரு" என்ற துவாங், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இப்ப வர்றீங்களா, நான் வந்து இழுத்துட்டு வரட்டுமா?"

பிரவெத் தலையைக் குனிந்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எழுத்தர் எதற்கு என்று கேட்கவே இல்லை. "சொந்த விருப்பத்துலதானே?" என்று மட்டும் கேட்டார். லமாய் ஆமாம் என்றாள். பிரவெத் துவாங்கைத் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அவனும் ஆமாம் என்றான்.

"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்."

சுகோனும் துவாங்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே பேனாவில் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்பவே பதிஞ்சுக்கிறீங்களா?" என்று பிரவெத்தையும் துவாங்கையும் கேட்டார். பிரவெத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

துவாங் கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினாள். "இன்னைக்கு வேண்டாம். பதினெட்டு வருஷம் பொய் சொன்ன ஆளு. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

அடுத்த வாரம் லமாயும் சுகோனும் அதே நீலச் சட்டைகளில் போய்ப் பதிந்துகொண்டார்கள். மார்ச்சில் அறுவை சிகிச்சை அறையின் கதவருகே, நோயாளிக்கு நீங்கள் யார் என்று செவிலி கேட்டாள். மனைவி என்றாள் லமாய். செவிலி தலையசைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவ்வளவுதான். பிறகு மாலைவரை காத்திருந்தது தனி நரகம். ஆனால் சுகோன் பிழைத்து வந்தாள். கண் விழித்ததும், "வண்டியை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?" என்று திட்டினாள்.

துவாங் இப்போதும் அவ்வப்போது போன் செய்கிறாள். பிரவெத் வாரம் ஒருமுறை, ஆபீசுக்குப் போய்ப் பதிந்துவிடலாமா என்று கேட்கிறானாம். லங் சுவான் ஆபீசுக்கே போகலாம், யார் பார்த்தால் என்ன என்றும் சொல்கிறானாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டாள் லமாய்.

"பாக்கலாம்னேன்" என்றாள் துவாங்.