சாலைக்கு மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர்

ரசேமாவைப் பொறாமைக்காரி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "நான் படலேன்னா இந்தத் தெருவுல வேற யாரு படுவா?" என்று திருப்பிக் கேட்பாள். செருப்பு ஆலையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த நாளிலேயே வேறொருத்தியின் ஜன்னலோர இடத்தைப் பார்த்து வயிறு எரிந்தவள் அவள். பிறகு மருமகளின் அம்மாவைப் பார்த்து எரிந்தாள்; பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில், அந்த அம்மா பக்கத்திலேயே வளர்ந்ததுதான் காரணம். கணவன் போனபின், ஆம்பளை குரல் கேட்கிற எந்த வீட்டைப் பார்த்தாலும் எரிந்தாள். எரிந்தாலும் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. குளிர்காலத்தில் முடியாதவர்களுக்கு விறகு பிளந்து கொடுத்ததும் அவள்தான், கொடுத்துவிட்டு அவர்கள் அடுப்பு தன் அடுப்பைவிட நன்றாக எரிகிறதே என்று முணுமுணுத்ததும் அவள்தான்.

நெவ்ரேசா விஷயத்தில் மட்டும் அவள் நிம்மதியாக இருந்தாள். ஆலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரம். ஆலையை மூடியபிறகும் தினம் காலையில் நெவ்ரேசா சாலையைக் கடந்து இறங்கி வருவாள். ரசேமா நீண்ட பிடியுள்ள செம்பு ஜெஸ்வாவில் காபி வைப்பாள், நுரையை இரண்டு கோப்பையிலும் சமமாகப் பங்கிடுவாள், இருவரும் மதியம் வரை ஊர் வம்பு பேசுவார்கள். நெவ்ரேசாவின் அந்தக் காலைக் காபி தனக்கு மட்டுமே உரியது என்று ரசேமா நினைத்திருந்தாள்.

ஜெர்மனியிலிருந்து ஊர்க்காரி ஷெஃபிகா என்பவள் திரும்பி வந்து நெவ்ரேசாவின் பக்கத்து வீட்டைப் புதுப்பித்துக் குடியேறினாள். அதோடு நெவ்ரேசாவின் வரவு குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. ரசேமா சமையலறைத் திரையை விலக்கிப் பார்த்தால் எதிர்மேட்டில் ஷெஃபிகாவின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு தலைகள் தெரியும்.

ஒருநாள் நெவ்ரேசாவை ரொட்டிக்கடையில் மடக்கிவிட்டாள்.

"ஏண்டி, எங்க வீட்டு வாசல்ல முள்ளா மொளச்சிருக்கு?"

"அதெல்லாம் இல்லடி. உங்க வீட்டுத் தண்ணிதான். மருந்து நாத்தம். இந்த வயசுல வயித்துக்கு ஒத்துக்கல. மேல எங்க தண்ணி சுனைத்தண்ணியாச்சே."

சாலைக்கு மேலே இருக்கிற வீடுகளுக்கு மலைச் சுனைத் தொட்டியிலிருந்து ஊர்க்காரர்களே போட்டுக்கொண்ட குழாய். கீழே இருக்கிற வீடுகளுக்கு நகராட்சிக் குழாய், குளோரின் போட்டது. மேல்வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் தண்ணீர் மீது இருக்கிற கர்வம் சொந்தப் பிள்ளைகள் மீதுகூடக் கிடையாது. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டி, குடிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தண்ணீர்தானே, சரி செய்துவிடலாம் என்று ரசேமாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீன்தொட்டிச் சாமான் விற்கிற கடையில் தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டைகள் வாங்கினாள். குழாய்த் தண்ணீரில் முக்கினால் பட்டை ஊதாவாகும், அது குளோரின். இன்னொரு கட்டம் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும், அது சுண்ணாம்பு. வாய் அகன்ற ஜாடியில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துக் காலையில் முக்கிப் பார்த்தாள். ஊதா வெளுத்திருந்தது. முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. நெவ்ரேசாவைக் கையோடு கூட்டிவந்து அந்தத் தண்ணீரில் காபி வைத்துக் கொடுத்தாள்.

நெவ்ரேசா ஒரு வாய் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். கோப்பை பாதியில் இருக்கும்போதே எழுந்து, ஷெஃபிகா கோழி அறுக்கச் சொன்னாள் என்று போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் ரசேமாவின் மனசு திரும்பியது. தன் தண்ணீரை நல்லதாக்கினால் போதாது, மேல்வீட்டுத் தண்ணீர் கெட்டதாக இருக்க வேண்டும். இருந்தே தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், கடவுளிடம் கேட்கக்கூடாத வரம்தான்.

குடைமிளகாய் விழுது அடைத்திருந்த காலி பாட்டில் இரண்டைக் கழுவி, தன் வீட்டுத் தண்ணீரை ஒன்றிலும், தெருமேட்டுப் பொதுக்குழாயில் வருகிற சுனைத்தண்ணீரை மற்றதிலும் பிடித்துக்கொண்டு சுகாதாரப் பரிசோதனைக் கூடத்துக்குப் பேருந்து ஏறினாள். இந்தப் பக்கத்தில் எதைக் கொண்டுபோவதானாலும் அந்த பாட்டிலில்தான் கொண்டுபோவார்கள். அங்கிருந்த பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"பெரியம்மா, இதுல மிளகாயும் பூண்டும் இருக்குன்னு பரிசோதிக்காமலே எழுதித் தந்துடுவேன்."

அவளே கிருமி நீக்கிய பாட்டில்கள் கொடுத்து விவரமும் சொன்னாள். குழாய் முனைச் சல்லடையைக் கழற்ற வேண்டும், முனையைத் தீயில் வாட்ட வேண்டும், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது, பனிக்கட்டிப் பையில் வைத்து மதியத்துக்குள் வந்து சேர வேண்டும்.

பொதுக்குழாய்த் தண்ணீர் என்றால் நாளைக்கு மறுத்துப் பேசுவார்கள். ரசேமா நேரே ஷெஃபிகா வீட்டுக்கே போனாள். நெவ்ரேசா அங்கேதான் இருந்தாள், உட்கார்ந்த இடம் தேய்ந்துபோன மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுத் தண்ணியும் உங்க வீட்டுத் தண்ணியும் பரிசோதனைக் கூடத்துப் பொண்ணுகிட்ட குடுத்துப் பாத்துடலாம்னு," என்றாள் ரசேமா.

"தாராளமா எடுத்துக்கோங்கக்கா," என்றாள் ஷெஃபிகா. "எங்க தண்ணியப் பாத்துட்டு அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டு இங்க குடிவந்துடப் போறா."

ரசேமா லைட்டரால் குழாய் முனையை வாட்டினாள். ஷெஃபிகா எட்டிப் பார்த்தாள். "குழாய்க்கு சிகரெட் பத்த வைக்கிறீங்களா? அது நிறுத்தி ரொம்ப நாளாச்சுக்கா."

நெவ்ரேசா மேசையில் கையை ஊன்றிக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரசேமா பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகினாள். இந்தச் சிரிப்பைத் தன் வீட்டில் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பரிசோதனைக் கூடத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். கீழ்த்தண்ணீர் சுத்தம், சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் கூடுதல், அதனால் கெடுதல் இல்லை. மேல்தண்ணீரில் குடல் கிருமி. "கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும் பெரியம்மா, ஆனா மேல எங்கயோ ஆட்டுச் சாணம் கலக்குது. உங்களுக்கு நாறுதே அந்த மருந்து, அதுதான் உங்க வீட்டுக்குக் காவல்."

ரசேமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேட்டுத்தெரு முழுக்க வீடு வீடாகச் சொன்னாள். முதலில் சண்டைக்கு வந்தவர்கள் மலையேறித் தொட்டியைப் பார்த்தார்கள். மூடி விரிசல் விட்டிருந்தது, பக்கத்திலேயே ஆட்டுப்பட்டி. தொட்டியைக் கழுவி முடிக்கும் வரை குடிக்க வேண்டாம் என்று முடிவானது.

மறுநாள் காலையில் மேல்வீட்டுக் கர்வமெல்லாம் கையில் கேனோடு இறங்கி வந்தது. ரசேமா தோட்டத்துக் குழாயைத் திறந்து ஒவ்வொருவருக்கும் பிடித்துக் கொடுத்தாள். "மருந்து நாத்தம் இருக்குமே, பரவால்லையா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள், ஒருவரையும் விடவில்லை. கூட்டம் கலைந்ததும் உள்ளே போய் இரண்டு கோப்பை வைத்து, இனிப்புக் கட்டிகளைத் தட்டில் அடுக்கி, ஜெஸ்வாவை அடுப்பில் ஏற்றினாள். இனி நெவ்ரேசாவுக்கு வேறு வழி இல்லை.

நெவ்ரேசா வந்தாள். ரசேமா அவளைப் பார்த்ததும் இரண்டு கோப்பையிலும் காபியை ஊற்றினாள். நெவ்ரேசா வாசல்படியிலேயே நின்றாள். இரண்டு கையிலும் காலிக் கேன்.

"கேனைக் கீழ வைடி, காபி ஆறிடும்."

"உக்கார நேரமில்லடி. ஷெஃபிகா அடுப்பைப் பத்த வெச்சிட்டா. தண்ணிக்குத்தான் காத்திருக்கா."

"காபிக்குக் கொதிக்கத்தானே வைக்கிறீங்க? கொதிச்சா கிருமி செத்துடும், எங்க தண்ணி எதுக்கு?"

"கிருமி சாகும். ஆட்டுச் சாணம்ங்கிற நெனப்பு சாகுமா?"

ரசேமா கோப்பையைக் காட்டினாள். "நல்ல தண்ணி இங்கதானே இருக்கு. இங்கயே குடியேன்."

நெவ்ரேசா கேன் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

"தண்ணிக்காகத்தான் வரலேன்னு சொன்னே," என்றாள் ரசேமா.

"பின்ன என்னத்தடி சொல்றது உங்கிட்ட? இங்க வந்தா அவ இப்படி, இவ அப்படின்னு யாரையாச்சும் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருப்பே. வீட்டுக்குப் போறப்ப நெஞ்சு கனமா இருக்கும். அதைச் சொன்னா நொந்துக்குவே. பழியத் தண்ணி மேல போட்டேன், தண்ணி திருப்பி வாய் பேசாதுல்ல."

ரசேமாவுக்குக் கேனைப் பிடுங்கிச் சாலையில் எறியத் தோன்றியது. ஆனால் அந்தத் தெருவில் பகையாளிக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. தோட்டத்துக்கு நடந்துபோய்க் குழாயைத் திறந்தாள். இரண்டு கேனையும் நிரப்பி மூடியை இறுக்கிக் கொடுத்தாள். நெவ்ரேசா கனம் தாங்காமல் சாய்ந்து சாய்ந்து சாலையைக் கடந்தாள். மேலே ஷெஃபிகா ஓடிவந்து ஒரு கேனை வாங்கிக்கொண்டாள்.

"ரசேமாக்கா, உங்க தண்ணிதானே, நீங்களும் வாங்க," என்று அங்கிருந்தே கை காட்டினாள்.

"அடுப்புல வேலை கெடக்கு," என்றாள் ரசேமா.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மேசையில் ஊற்றி வைத்திருந்த இரண்டு கோப்பைக் காபியையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளே குடித்தாள்.