முழங்காலுக்குள் ஒரு புது நார்

மகளின் முழங்காலைத் திருப்பியது மாட்டுக் கயிறு. நெடுந்தீவில் எங்களுக்கு ஏழு மாடுகள், அதுதான் பிழைப்பு. ஒரு நாள் அதில் இளங்காளையான நாம்பன் வெருண்டு ஓட, கயிறு அவள் காலில் சுற்றிவிட்டது. வீக்கம் வற்றிய பிறகும் நடக்கையில் முழங்கால் திடீர் திடீரென்று விலகியது.

பட்டணத்து டொக்டர், மூட்டுக்குள்ளே எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் நார் அறுந்துவிட்டது என்றார். தைத்தால் ஒட்டாதாம். அதே காலின் பின்தொடையிலிருந்து வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்து இறுக்க வேண்டுமாம்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் எழுத வரும். ஆனால் கயிறு தெரியும்.

"எடுத்த இடத்துக்கு என்ன செய்வியள்?"

"பக்கத்துத் தசை அந்த வேலையையும் பாக்கும் அம்மா."

"முடிச்சு எப்பிடிப் போடுவியள்?"

"அம்மா, சும்மா இருங்கோ!" மகளுக்கு வெட்கம்.

டொக்டர் படம் கீறிக் காட்டினார். முடிச்சே இல்லை. மேலே சட்டைக்குப் பூட்டும் தெறி போல ஒன்று, கீழே ஒரு திருகாணி.

"மூண்டாம் மாசம் நோ போயிடும். அப்பதான் கவனம். புது நார் அந்த நேரம் பலமில்லை. ஒன்பது மாசம் ஓடக் கூடாது. திரும்ப அறுந்தால் மாட்டை மறக்க வேண்டியதுதான்."

எனக்கு அதிசயமாயிருந்தது. நோவும் வலியும் போனால்தானே சுகம் என்பார்கள்?

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம், அதே நாம்பன் கயிற்றை அறுத்துக்கொண்டு கல்வேலியைத் தாண்டியது. மகள் பாய எழுந்தாள்.

"நோவே இல்லையம்மா!"

"அதுதான் பயம். இரு பிள்ளை!"

தோளைப் பிடித்து இருத்திவிட்டு நானே போனேன். ஓடவில்லை. அது மேய்ந்து களைக்கும் வரை வெயிலில் நின்றேன்.

"மகள் இருக்க நீங்களோ மாடு பிடிக்கிறியள்?" என்று பக்கத்து வளவுக்காரி நக்கலடித்தாள்.

"அவளின்ரை காலுக்கை கட்டின கயிறு இன்னும் இறுகேல்லை" என்றேன்.

ஒன்பதாம் மாதம் டொக்டர் மகளைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தார். மாட்டைக் கட்டிவிட்டு நான் கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் அப்படித்தான்.

"நானும் ஒருக்கா இழுக்கட்டோ?"

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் என் கைகளைப் பிடித்து இடம் காட்டி வைத்தார். இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு சட்டென்று நின்றது. நல்ல காலையும் இழுத்தேன். அதுவும் அவ்வளவில்தான் நின்றது.

"இந்த இறுக்கம் காணுமோ அம்மா?"

"ஓம். இனி நாம்பனை இவளே பிடிக்கட்டும்" என்றேன்.