கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தது யார்?

போன வருடம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த சமயம். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறித் தெருவுக்கு நாங்கள் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அக்கம்பக்கத்து முகங்களே சரியாகப் பழகவில்லை. ஒருநாள் காலையில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் பேச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, கோழிக்குத் தண்ணி வச்சியா?"

"வச்சேன்" என்றேன். வைக்கவில்லை. கொல்லையில் தகரக் கூரை போட்ட கூண்டுக்குள், அவர் குஞ்சிலிருந்து வளர்த்த நாலு கோழிகளையும் சேவலையும் அடைத்தபடியே விட்டு வந்திருந்தேன். சாதாரண நாளிலேயே மதியமானால் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கும். கூரைமேல் சாக்கு போட்டு, காயக் காய நனைத்தால்தான் தாங்கும். யாரிடமாவது சொல்லலாமென்றால், தெருவில் ஒருவர் நம்பரும் என்னிடம் இல்லை. அவரை விட்டு நகரவும் முடியவில்லை. கோழிகள் செத்துப்போனதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் துணைக்கு வந்த பிறகு, மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கதவைத் திறந்தால், அத்தனையும் உயிரோடு நிற்கின்றன. கூரைமேல் புதுத் தென்னங்கீற்று, அதன்மேல் சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு. உள்ளே மண்சட்டி நிறையத் தண்ணீர். அந்தச் சட்டி எங்களுடையது இல்லை. முட்டைகளைக்கூட ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பொறுக்கி ஜன்னலில் வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொல்லைச் சுவர் இடுப்புயரம்தான், யாரும் தாண்டலாம். சாக்கைக் கட்டியிருந்தது தறி நூல். அந்தத் தெருவில் தறி நூல் இல்லாத வீடு எது?

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "நான் இல்லம்மா. எங்க வீட்டுத் தண்ணிக்கே குடத்தத் தூக்கிட்டு அலையுதேன். அண்ணாச்சிக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர், சேவல் கூவித் தூக்கம் போகிறது என்று எங்களிடம் சண்டை பிடித்தவர். "நானா? அது எப்பம் சாவும்னுல்லா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். கேலியா, நிஜமா, புரியவில்லை. பின்சந்து வழியாகத் தறிக்குப் போகும் பெண்களைக் கேட்டால், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "தறிக்கு நேரமாச்சுக்கா" என்று நடையைக் கட்டினார்கள்.

குழப்பத்தோடே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். நாங்கள் இருவரும் வீடு வந்து சேர்ந்த அன்றும் சாக்கு ஈரமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் நனைக்கவில்லை. சட்டியைக் கேட்டும் யாரும் வரவில்லை. கணவரிடம் உண்மையைச் சொன்னபோது, "விடுட்டி, யாரோ நல்லவுக செஞ்சிருக்காவ" என்றார். என்னால் விட முடியவில்லை.

இன்னார் என்று தெரிந்திருந்தால் ஒரு நன்றியோடு அது முடிந்திருக்கும். தெரியாமல் போனதால், எதிர்வீட்டுக்காரர் உட்பட தெருவில் யார் எதிரே வந்தாலும், இவராக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே இன்றும் நான்தான் முதலில் சிரிக்கிறேன்.