பாயிண்ட் ராஜகுமாரி

போர்ட் பிளேரில் நான் வேலை பார்த்த ஆபீசில் தபால்களுக்கு நம்பர் போட்டு அனுப்புவது என் பொறுப்பு. ஆபீசின் பெயர் வேண்டாம், நான் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறேன். கட்டடத்தின் கடைசி அறையில் தண்ணீர் பரிசோதனைக் கூடம் இருந்தது. அங்கே இருந்த ஒரே கெமிஸ்ட் ராஜகுமாரி.

ஊருக்குள்ளேயே குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் வீடு. நாலு தலைமுறைக்கு முன்னால் கைதியாகக் கப்பலில் வந்து இறங்கியவரின் வம்சம். அதைச் சொல்ல அவள் கூச்சப்பட்டதே இல்லை. கணவர் விஜயனுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். எந்த எண்ணையும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் சொல்லாமல் விடமாட்டாள். அதனால் அவளுக்குப் 'பாயிண்ட் ராஜகுமாரி' என்று பெயர் வந்தது. வைத்த புண்ணியவான் நான்தான்.

சுனாமிக்குப் பிறகு, நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து சில தமிழ்க் குடும்பங்கள் எங்கள் ஊர் ஓரத்தில் டாலிகஞ்சுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன. இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு ஏற்கெனவே ஒரு முறை வேரோடு பிடுங்கப்பட்டவர்கள். கொட்டகை வரிசையையும், தோட்டத்துக் கூலி வீடுகளைச் சொன்ன பழக்கத்தில், அவர்கள் 'லயம்' என்றே சொன்னார்கள். நாற்பது வீட்டுக்கும் ஒரே கைப்பம்பு. சோறு சிவந்துபோகிறது, தேநீர் மையாகக் கறுக்கிறது, இரும்பை எடுக்கும் ஃபில்டர் வேண்டும் என்று 2007-இல் மனு கொடுத்தார்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் ஃபில்டர் கிடைக்கும். பியூன் முனியாண்டி பாட்டிலில் தண்ணீர் வாங்கி வந்தார். ராஜகுமாரி அளந்தாள். 0.17.

மனு கொடுத்த பொன்னம்மா, துருக்கறை படிந்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தாள். வெள்ளைச் சட்டை டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. ராஜகுமாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் அளவுதான் தப்பு என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள்.

இரும்பை அளக்கும் வேலை இப்படித்தான். தண்ணீரில் ஒரு மருந்தைச் சேர்த்தால் இரும்பு ஆரஞ்சு நிறமாகும். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அதன் வழியே ஒளியை விட்டு, நிறம் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று காட்டும். அதற்கு முன்னால் இரும்பே இல்லாத தண்ணீரை வைத்து மெஷினைப் பூஜ்ஜியத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் ஆபீஸ் டிஸ்டில்டு வாட்டர் துருப்பிடித்த டாங்கிலிருந்து வந்ததால் அந்தப் பூஜ்ஜியமே பூஜ்ஜியமாக இல்லை. மழைத் தண்ணீரைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையில் இரண்டு முறை காய்ச்சி வடித்தாள். கரண்ட் ஏறி இறங்கி விளக்கு ஆடியது, அதற்காக ஐந்து அளவுக்கு ஒரு முறை பூஜ்ஜியத்தைச் சரிபார்த்தாள். மருந்து பழசு என்று புதிதுக்கு எழுதினாள், அது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர மூன்று மாதம் ஆனது. இரும்பு பாட்டிலின் அடியில் படியாமலிருக்க ஒவ்வொரு பாட்டிலிலும் சில சொட்டு ஆசிட் விட்டு அனுப்பினாள். 'சுத்தமாகப் பிடித்துத் தரவும்' என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டினாள்.

எட்டு மாதம் போனது. எண் 0.21 ஆனது. அதற்கு மேல் அசையவில்லை. கடைசியாக, அதே தண்ணீரில் தெரிந்த அளவு இரும்பைக் கலந்து பார்த்தாள். கலந்த அளவை மெஷின் அப்படியே கூட்டிக் காட்டியது. இனி முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது இலக்கம் வரை நம்பலாம் என்று பதினொரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெயின்லேண்டிலிருந்து பாராட்டு வந்தது. அந்தப் பதினொரு பக்கத்தை வைத்தே பொன்னம்மாவின் மனுவையும் தள்ளினார்கள். பாராட்டையும் தள்ளுபடியையும் ஒரே நாளில் நான் பதிவு செய்தேன். இரண்டையும் படித்துவிட்டு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

கொட்டகைக்கு நேரில் போகிறேன் என்று மூன்று முறை ஜீப் கேட்டிருந்தாள். தண்ணீர் வாங்கிவருவது பியூன் வேலை என்று மூன்று முறையும் மறுத்திருந்தார்கள். இந்த முறை லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனாள்.

தள்ளுபடிக் கடிதம் அங்கே இன்னும் போய்ச் சேராததால், நாங்கள் போனபோது பொன்னம்மா முனியாண்டி முன்பே கொடுத்துவிட்டுப் போன ஆபீஸ் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே குடத்தில் பிடித்துத் தெளியவைத்த தண்ணீர். அதை மேலாக மொண்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் ஊற்றி வடிகட்டினாள். உள்ளே ஏதோ பழைய தண்ணீர் கிடக்கிறதென்று, ராஜகுமாரி விட்ட ஆசிட்டைக் கொட்டி, பாட்டிலை மூன்று முறை அலசினாள். குடத்தின் அடியிலும் துணியிலும் செங்காவி நிறத்தில் சேறு தங்கியிருந்தது. மாதக்கணக்கில் ராஜகுமாரி தேடிய இரும்பு அது.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க?" என்று ராஜகுமாரி கேட்டாள்.

"சுத்தமா புடிச்சுத் தரச் சொல்லி நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க? தொரைமாரு பாக்குற தண்ணி. அழுக்கா குடுத்தா லயத்துக்காரங்க மரியாத தெரியாதவங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ராஜகுமாரி பம்பை அடித்து, ஆசிட் விட்ட புதுப் பாட்டிலில் நேராகப் பிடித்தாள். மறுநாள் அளந்தாள். மெஷினின் எல்லைக்குள் அடங்காமல், பத்து மடங்கு தண்ணீர் கலந்துதான் அளக்க முடிந்தது. 4.62.

அதிகாரி பரமசிவம் கெட்டவரில்லை, ஃபைலுக்குப் பயந்தவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"உங்க மெத்தட் தப்பா மேடம்?"

"இல்ல சார். மெத்தட் பக்கா. பாட்டில்ல வந்த தண்ணிதான் தப்பு."

"தண்ணி வாங்குனதுல தப்புன்னா ஆபீஸ் மேல என்கொயரி வரும், ரெண்டு வருஷம் இழுக்கும். மெத்தட்ல தப்புன்னு நீங்க எழுதிக் குடுத்தா, நாளைக்கே மனுவைத் திரும்பத் திறக்கறேன்."

எழுதாதே என்று நான் வராந்தாவில் வைத்துச் சொன்னேன். பதினைந்து வருஷ சர்வீஸில் அவள் தானாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பதினொரு பக்கம். அவள் உள்ளே போய் என் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். நான்கே வரி. நான் உருவாக்கிய முறை நம்பகமற்றது, 0.21 என்ற அளவைத் திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நம்பர் போடுங்க அண்ணா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

பதினாலு மாதத்தில் ஃபில்டர் வந்தது. அதற்கு முன்பே அவளை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். தப்பாக அளப்பவரைப் பரிசோதனைக் கூடத்தில் எப்படி வைத்திருப்பது என்று அந்த ஆர்டரில் காரணம் எழுதியிருந்தது. அதற்கும் நான்தான் நம்பர் போட்டேன்.