மிஞ்சிய ஒரு பொட்டலம்

என் கைப்பைதான் எங்கள் மாவட்ட நெட்பால் சங்கம். வட்ட முத்திரை, மை, பெயர் அச்சிட்ட தாள், விசில், வலித் தைலம் எல்லாம் அதற்குள் அடக்கம். தலைவர் ஒருவர் உண்டு. திண்டுக்கல்லில் அரிசி மண்டி வைத்திருக்கிறார். மேடை போட்டால் வருவார், மாலை போட்டால் குனிவார். செயலாளர், பயிற்சியாளர், ஆயா, எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை பார்த்துக்கொண்டே இதையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். "நெட்பாலா? வாலிபாலத்தான சொல்றிய?" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. "இல்லைங்க, கூடைப்பந்து மாதிரி. ஆனா வளையத்துக்குப் பின்னாடி பலகை கிடையாது, பந்தத் தட்டிக்கிட்டு ஓடவும் கூடாது" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. திருச்சியிலிருந்து திரும்பிய அந்த மத்தியான ரயிலில் என்னைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம். ஏழு பேர் ஆடும் ஆட்டம் இது. ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்துக்கான எழுத்து நெஞ்சிலும் முதுகிலும் தொங்கும். பல ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துத்தான் மாவட்ட அணி. அதில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். அதனால் இடத்தைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தோம். மைதானத்தில் தொடங்கியது பஸ் ஏறும்போதும் ரயில் ஏறும்போதும் தொடர்ந்தது. "சென்டர்!" என்பேன். "இருக்கேன் மிஸ்!" என்று குரல் வரும். கடைசியில் "ரிசர்வ்!" என்றால், மாற்று ஆட்டக்காரிகள் எல்லாரும் சேர்ந்து "இருக்கோம் மிஸ்!" என்று கத்துவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை தவறியதில்லை.

கோல் கீப்பர் எரியோட்டுப் பக்கத்துப் பிள்ளை. நெடுநெடுவென்று வளர்த்தி, கையை உயர்த்தினால் எதிரணிக்கு வளையமே தெரியாது. அவளுடைய அப்பாவுக்கு முருங்கைத் தோட்டம். அவரிடம் சம்மதம் வாங்க நான் தோட்டத்துக்கே போய் வரப்பில் நின்றேன்.

"ஒத்தப் புள்ள டீச்சர். வெளியூருக்கு விட எனக்கு மனசே இல்ல. நீங்க வந்து நிக்கிறியளேன்னு விடுறேன். கூட்டிட்டுப் போறதும் நீங்க, கொண்டாந்து என் கையில விடுறதும் நீங்கதான்" என்றார்.

"எம்புள்ள மாதிரிண்ணே" என்றேன். சுளுவாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கே ஒரு போன்தான், அது அவர் சட்டைப் பையில். பிள்ளை கையில் போன் இல்லாமல்தான் வந்தாள்.

திருச்சியில் அரையிறுதி ஆட்டம். பந்து வைத்திருப்பவளை விட்டு மூன்றடி தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும். இவள் ஒட்டி ஒட்டிப் போய் நின்றாள். நடுவர் விசில் மேல் விசில் ஊதினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "வெளிய வாடி!" என்று கத்தி, அவள் மேலிருந்த எழுத்துத் துணியைக் கழற்றி ஒரு மாற்று ஆட்டக்காரிக்கு மாட்டிவிட்டேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம், அடுத்ததில் ஜெயித்து மூன்றாவது இடம் வந்தோம். அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சரி, ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் திருச்சி ஜங்ஷனில் பாசஞ்சர் வண்டி. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பிளாட்பாரத்தில் நின்று ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டேன். எல்லா இடத்துக்கும் பதில் வந்தது. ரிசர்வும் ஒரே கத்தாகக் கத்தினார்கள். முட்டி மோதி ஏறினோம்.

மணப்பாறை தாண்டியதும் சாப்பாட்டைப் பிரித்தேன். ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம், சரியாக எண்ணி வாங்கியது. கொடுத்து முடித்த பிறகும் என் கையில் ஒன்று இருந்தது.

"எவடி சாப்பாடு வாங்கல?"

எல்லாரும் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்கள். "கோல் கீப்பர் எங்க?" என்றேன். "இருக்கேன் மிஸ்" என்றாள் ஒருத்தி, வாயில் சாதத்தோடு. நான் நேற்று துணியை மாட்டிவிட்டேனே, அந்தப் பிள்ளை. திருச்சியிலும் இவள்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் தப்பே இல்லை. நேற்றிலிருந்து கோல் கீப்பர் அவள்தானே!

"அவ எங்கடி?" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. கக்கூஸ் கதவைத் தட்டினேன், சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். என்ன புத்தி அது, அம்புட்டு வளர்ந்த பிள்ளை சீட்டுக்கு அடியிலா இருப்பாள்? அந்த வண்டியில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக வழியும் கிடையாது.

"மிஸ், பந்து மூட்டையும் காணோம்" என்றாள் சென்டர். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி உருட்டினாள். அவளைப் பார்த்து நாலைந்து பேர் அழுதார்கள். "வாய மூடுங்கடி!" என்று அதட்டினேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

போட்டி நடத்திய திருச்சிக்காரர்களுக்குப் போன் போட்டேன். ஜங்ஷனுக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ரயில்வே போலீசுக்குப் போட்டேன். "புள்ள பேர் என்னம்மா?" என்று கேட்டார் அந்தப் பக்கத்துக்காரர். என் வாயில் முதலில் வந்தது, கோல் கீப்பர். "என்னது?" என்றார். பெயரைத் தேடி எடுத்துச் சொன்னேன். "என்ன கலர் சட்டை?" என்றார். தெரியவில்லை. முதுகில் தொங்கிய எழுத்துத்தான் என் கண்ணில் நின்றது, அதையும் நானே கழற்றிவிட்டேன்.

தலைவருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? கூப்பிட்டேன்.

"ஐயையோ! டீச்சரம்மா, பேப்பர்ல கீப்பர்ல வந்துரப் போவுது. இப்பத்தான் மாநிலத்துல நம்ம சங்கத்த அங்கீகாரம் பண்ணிருக்காக. யார்ட்டயும் மூச்சு விடாதிய." கொஞ்சம் நிறுத்தி, "பந்துமா போச்சு? அம்புட்டும் புதுப் பந்தாச்சே!" என்றார்.

"புள்ளையக் காணோம்கிறேன், பந்தக் கேக்குறீங்களே சார், நல்லா இருக்கீங்களா?" என்று கத்திவிட்டு வைத்தேன். பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அய்யலூரில் வண்டி நின்றது. இறங்கிப் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினேன். அன்று சந்தை நாள். ஆட்டை விற்றுவிட்டு வெறுங்கயிறோடு ஏறியவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஊதியதும் திரும்பி ஓடிவந்து ஏறினேன். இவர்களையும் விட்டுவிடக்கூடாதே என்று அது வேறு பயம்.

உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவளுடைய அப்பா.

"வண்டி எங்கன வருது டீச்சர்? நா ஸ்டேசனுக்கு வந்துட்டேன்."

"வந்துக்கிட்டே இருக்குண்ணே" என்றேன்.

"புள்ள சாப்ட்டுச்சா?"

மிஞ்சிய பொட்டலம் என் மடியில் இருந்தது. "சத்தமா இருக்குண்ணே, கேக்கல" என்று வைத்துவிட்டேன். என்னால் வேறென்ன சொல்ல முடியும்? தோற்ற கோபத்தில் எங்காவது இறங்கிப் போய்விட்டாளோ, தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் எவனாவது கூட்டிப்போய்விட்டானோ, கூட்டத்தில் வண்டிக்கு அடியில்... அதற்கு மேல் நினைக்கவில்லை. வடமதுரை வந்தது, அங்கும் ஓடிப் பார்த்தேன். இல்லை. திருச்சியிலிருந்தும் தகவல் இல்லை. ஊர் நெருங்க நெருங்க, இந்த வண்டி இப்படியே நிற்காமல் போய்விடக் கூடாதா என்று இருந்தது.

திண்டுக்கல்லில் அவர் சரியாக எங்கள் பெட்டிக்கு நேரே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் அவளுக்காக ஒரு பூப்பொட்டலம். பிள்ளைகள் ஒருத்தி ஒருத்தியாக இறங்கினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியாக நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே..." என்றேன்.

அவருக்கு என்ன தோன்றியதோ, வண்டியின் வால் பக்கமாகத் திரும்பி, தோட்டத்தில் கூப்பிடுகிற மாதிரி முழுத் தொண்டையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதே பெயர்க்காரிகள் இரண்டு பேர் என் பக்கத்திலேயே திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"இந்தா வாரேம்ப்பா!"

கடைசிப் பெட்டியிலிருந்து பந்து மூட்டை முதலில் வந்தது, பின்னால் அவள். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அங்கேயே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் "ஓ!" என்று கத்திக்கொண்டு அவளைப் போய்க் கட்டிக்கொண்டார்கள். சந்தோஷத்தையும் மீறி எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, உசுரக் கையில புடிச்சிட்டு வாரேன். எங்கடி போன?"

"பந்து மூட்டையோட அந்தப் பெட்டியிலதான் மிஸ் ஏற முடிஞ்சுச்சு."

"கூப்டும்போது நீ எங்க இருந்த?"

"அங்கனதான் மிஸ் நின்னேன். நீங்க என்னையக் கூப்பிடல." குத்திக்காட்டுகிற குரல் இல்லை, நடந்ததைச் சொன்னாள். "கோல் கீப்பர்னு கூப்ட்டிய, அவ இருக்கேன்னுட்டா. ரிசர்வுன்னு கூப்ட்டிய. நான் ரிசர்வு இல்லையே."

அவளுடைய அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி எந்த ஊருக்கும் அனுப்பமாட்டார், அவளும் வரமாட்டாள் என்று நினைத்தேன். அவர் பூவை அவளிடம் கொடுத்தார். "செயிச்சியளாம்மா?" என்று கேட்டார். "மூணாவதுப்பா" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பசி போலிருக்கிறது, நின்றபடியே பிரித்துத் தின்றாள்.

வெளியே அவர் பைக்கை உதைக்கும்போது அவளிடம் கேட்டேன். "சனிக்கிழம பிராக்டீசுக்கு வந்துருவியா?"

"எந்த இடத்துக்கு மிஸ்?"

அவள் பெயரைச் சொன்னேன். அந்த மூன்று நாளில் அவளிடம் நேராக நான் அதைச் சொன்னது அப்போதுதான். "நீ வா. இடத்த அப்பறம் பாத்துக்கிருவோம்" என்றேன். அவள் அப்பாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கவனித்தேன், பந்து மூட்டை அவள் தோளிலேயே போகிறது.

போன் அடித்தது. தலைவர்.

"புள்ள கெடச்சிருச்சாமே டீச்சரம்மா! அந்தப் பந்து?"

"எரியோட்டுக்குப் போயிருக்கு சார்" என்றேன். "சனிக்கிழம வந்துரும்."