கிடாரி சுற்றிய நாற்பது சென்ட்

ரைஸ் மில் ஒன்று, நாலு லேத் ஓடுகிற பட்டறை ஒன்று, காட்டுப்பாக்கத்தில் முன்னூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற கல்யாண மண்டபம் ஒன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியது இவ்வளவும். பேங்கில் என்னை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். மில்லுக்குக் கரண்ட் வாங்க ஒன்றரை வருஷம் அலைந்தேன். மண்டபத்தின் கூரை ஒருமுறை இடிந்தே விழுந்தது, மறுபடி போட்டேன். இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரில் மனை போட நான் கல் நட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடும் ஒரு கிடாரிக் கன்றோடும் என் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் பங்கு தருகிற வழக்கம் அப்போது எங்களில் கிடையாது. அவளும் கேட்கவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த சரித்திர வாத்தியார் சாயங்காலங்களில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் வடகடல் மனிதர்களைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து, மேல்மூடி இல்லாத மரக்கப்பலில் பெண்டாட்டி பிள்ளை, ஆடு மாடு, வைக்கோல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஐஸ்லாந்து என்கிற தீவுக்குக் குடியேறப் போனார்களாம். கரை தெரிந்ததும் பழைய வீட்டுத் தூணைக் கடலில் போட்டு, அது ஒதுங்குகிற இடத்தில் வீடு கட்டினவர்களும் உண்டாம்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கை கேட்டாள்: "மாட்டுக்குத் தண்ணி, சார்? கடல் தண்ணிய அது குடிக்காதே."

"பீப்பாயில எடுத்துட்டுப் போவாங்கம்மா. மனுஷனுக்குக் கொறஞ்சாலும் மாட்டுக்குக் குடுத்தாகணும். போற எடத்துல அதை வெச்சுத்தானே பொழப்பு" என்றார் வாத்தியார். பிறகு, "அங்கே பொம்பளைக்கும் நிலம் உண்டு. வசந்த காலத்துல ஒரு நாள், ரெண்டு வயசுக் கிடாரியைப் பிடிச்சுக்கிட்டு விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் நடக்கணும். சுத்தி வந்தது அவளுக்கு."

தங்கை முறத்தைக் கீழே வைத்தாள். "ண்ணா, எங்கிட்டகூட ரெண்டு வயசுல ஒண்ணு கீது."

எல்லோரும் சிரித்தோம். "நாள் பூரா நடந்தியானா பூந்தமல்லியே உனுதாயிடும்" என்றேன். "பக்கத்து கம்பெனில எட்டு மணிச் சங்குலேர்ந்து பன்னெண்டு மணிச் சங்கு வரிக்கும் நட. கவுத்த இஸ்க்கக்கூடாது, அடிக்கக்கூடாது. அது இஷ்டத்துக்கு மேஞ்சிகினு போவட்டும். பொறப்பட்ட கல்லாண்ட வந்து சேந்தா உள்ள கீறது உனுது. சேர்லனா ஒண்ணும் கெடையாது."

"சத்தியமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

பங்குனியில் நடந்தாள். வாத்தியார் சொன்ன வசந்தம் பனி உருகுகிற வசந்தம். எங்கள் பங்குனி அப்படி இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிடாரி நாலு அடி வைக்கும், நின்று மேயும், மறுபடி நாலு அடி. தங்கை செருப்பில்லாமல் கூடவே போனாள். பதினொன்றரைக்கு, புறப்பட்ட கல்லுக்கு இருபதடி இருக்கும்போது அது படுத்துவிட்டது. வாயில் நுரை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதில் என்னவோ சொன்னாள். கயிறு தரையில் கிடந்தது. ஒருமுறைகூட அவள் இழுக்கவில்லை.

நான் வேப்பமர நிழலில் நின்றிருந்தேன். அது எழுந்திருக்காவிட்டால் மூன்று ஏக்கரும் எனக்கு. அந்த நினைப்பு வராமல் இல்லை. பிறகுதான் பீப்பாய் ஞாபகம் வந்தது. பம்புசெட்டுக்கு ஓடி ஒரு இரும்பு பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன். பாதியைக் குடித்தது. மீதியை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தேன். எழுந்து வந்தது. என் குதிகால் கல்லில் இடித்தபோது சங்கு ஊதியது. நாற்பது சென்ட். அந்த வாரமே அவள் பேரில் எழுதிக்கொடுத்தேன். அங்கேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு பிள்ளைகளோடும் கிடாரியோடும் குடிபோனாள்.

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். டீக்கடையில், மில்லில், கல்யாணப் பந்தலில், "என் தங்கச்சிக்கு நான் போட்ட பிச்சை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் மில் வாசலில், ஆட்கள் பார்க்க வந்து நின்றாள்.

"பிச்சையா ண்ணா? காலு பொத்துப் போச்சே, அது யாருது?"

"தண்ணி யார் கொண்டாந்தா?"

"நீதான். அத்த நான் இல்லேன்னேனா?"

அவ்வளவுதான். பிறகு என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கிடாரி முதல் கன்று போட்டபோது ஒரு தூக்கில் சீம்பால் கொடுத்தனுப்பினாள், அவள் வரவில்லை. மூத்தவன் நான், அவளே வரட்டும் என்று பத்து வருஷம் இருந்தேன். மண்டபம் கட்டினது அந்தப் பத்து வருஷத்தில்தான்.

தொண்ணூறுகளின் முடிவில் அவள் போய்விட்டாள். கருமாதிக்கு வந்தவர்களிடம் அவள் பெரிய மகன் சொன்னான்: "எங்கம்மா வெயில்ல நடந்தாங்க. மாமா நெழல்ல நின்னுகினு, எப்போ வுழும்னு பாத்துகினு இருந்தாரு." நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னது பொய்யும் இல்லை. கை கழுவ மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனபோது அந்தப் பக்கெட்டைப் பார்த்தேன். பிடி போய்க் கம்பி கட்டியிருந்தது. அடியில் தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தது. நிறையத் தண்ணீர் இருந்தது.

அவள் வீட்டு வாசலில் பிள்ளைகள் கல் பதித்திருக்கிறார்கள்: "எங்கள் அம்மா நடந்து பெற்ற மண்." அதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். நடந்தது அவள்தான். பிச்சை என்று நான் சொன்னது தப்பு. அதைக் கேட்கத்தான் அவள் இல்லை. ஆனால் அந்தக் கல்லில் கீழே இடம் இருக்கிறது. இன்னொரு வரி வெட்டியாக வேண்டும்: தண்ணீர் கொண்டுவந்தது அண்ணன்.